சூல் கை: ஈடுகொடுப்பதா, ஏற்றுவதா?

மதினி தன் முன்னால் மிச்சமிருந்த 280 முத்தையும் இரண்டு கைகளாலும் நடுவே தள்ளிவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைக்கத் தொடங்கியபோதுதான், நான் செய்திருந்த தவறு எனக்கு உறைத்தது. ஆட்டம் போக்கர். என் கையில் இஸ்பேட் 9, இஸ்பேட் 8. நடுவில் திறந்திருந்த மூன்று சீட்டுகள் இஸ்பேட் ராஜா, இஸ்பேட் 7, டைமண்ட் 2. இன்னும் ஒரே ஒரு இஸ்பேட் விழுந்தால் கையிலும் நடுவிலுமாக ஒரே இனத்தில் ஐந்து சீட்டு, அதாவது ஃப்ளஷ், எனக்குச் சேர்ந்துவிடும். நடுவே 30 முத்து இருந்த நிலையில் மதினி 20 வைத்தார். நான் அதை 60 ஆக ஏற்றினேன். அவர் சற்றும் தயங்காமல் இருந்த அனைத்தையும் வைத்துவிட்டார். இனி மேலும் 240 வைத்தால்தான் அடுத்த சீட்டை நான் பார்க்க முடியும். வெறும் 20 வைத்துப் பார்த்திருக்கக்கூடிய சீட்டு அது.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஏறத்தாழ ஓராண்டாக இந்த ஒரு கேள்வியைத்தான் ஒரு நோட்டில் எழுதி எழுதிப் பார்த்து வருகிறேன். இன்னும் முடியாத கையை, அதாவது ஒரு சீட்டு வந்தால் பெரிதாகி, வராவிட்டால் ஒன்றுமில்லாமல் போகிற கையை வைத்துக்கொண்டு, எதிராளி வைத்ததற்குச் சமமாக வைத்துவிட்டுக் காத்திருப்பது எப்போது, அதை ஏற்றி அவரை நெருக்குவது எப்போது? கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் முப்பது ஆண்டுகள் கணக்கு எழுதிய பழக்கத்தால், விடை என் சீட்டுகளுக்குள்தான் இருக்கும் என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். அது பெரும்பாலும் எதிரில் இருப்பவர் முன்னால், அவர் இன்னும் வைக்காமல் வைத்திருக்கும் முத்துக் குவியலில் இருக்கிறது என்பதே இந்த நோட்டிலிருந்து எனக்குக் கிடைத்த விடை.

முத்து என்று நான் சொல்வது புளியமுத்தை. அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டுத் தார்சாவில் ஞாயிறு மாலைகளில் ஐந்து பேர் கூடி ஆடும் இந்தப் போக்கரில் பணம் என்ற பேச்சே கிடையாது. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இணையத்தில் ரம்மி, போக்கர் இரண்டையும் பணம் வைத்து ஆடத் தடை விதித்ததும், 2023 நவம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் அவ்விரண்டும் திறமை சார்ந்தவை என்று கூறி அவற்றுக்கு அந்தத் தடை பொருந்தாது என்றதும், பின்னர் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் திறமை, அதிர்ஷ்டம் என்ற பேதம் பாராமல் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடை செய்ததும் பலருக்கும் தெரிந்திருக்கும். எங்களுக்கு அதனால் லாபமோ நட்டமோ இல்லை. கோடையில் புளி உடைத்தபோது மிஞ்சிய இரண்டு படி முத்துதான் எங்கள் கருவூலம்.

சொற்களைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். மதினியின் மகன் பெங்களூரில் இருந்தபடி ஆங்கிலச் சொற்களோடு இந்த ஆட்டத்தைக் கற்றுவந்து எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தான். ஆனால் எதிராளி வைத்ததற்குச் சமமாக வைப்பதைக் 'கால்' (call) என்று அவன் சொல்லும்போதெல்லாம் எங்களோடு ஆடும் விவசாயி அண்ணாச்சி கால்பங்கு முத்தை எண்ணி வைத்ததால், அதை 'ஈடுகொடுத்தல்' என்று மாற்றிக்கொண்டோம். ரெய்ஸ் என்பது 'ஏற்றுதல்'. கையை விட்டுக்கொடுத்து விலகும் ஃபோல்டு என்பது 'கவிழ்த்தல்', ஏனென்றால் சீட்டைக் கவிழ்த்துத்தானே போடுகிறோம். நடுவில் சேரும் பந்தயக் குவியலுக்கு அண்ணாச்சி களத்து நெல்லின் நினைவில் 'பொலி' என்று பெயர் வைத்தார். டிரா என்று சொல்லப்படும் முடியாத கைக்கு அவர் வைத்த பெயர்தான் எனக்கு மிகவும் பிடித்தது: 'சூல் கை'. பயிர் சூல் பிடித்து நிற்கிறது, கதிராவதும் பதராவதும் இனிமேல்தான் தெரியும் என்பது பொருள். எங்கள் பக்கத்து இரு நெல் பருவங்களில் பிசானம் என்பது வந்த கை, அதாவது ஏற்கெனவே முடிந்த கை, கார் என்பது சூல் கை என்று அவர் ஒருமுறை சொன்னார். வடகிழக்குப் பருவமழை அணையை நிரப்பிவிடும் என்ற தைரியத்தில் நடுவது ஒன்று, ஜூன் மாதம் மலையில் மழை பிடித்துப் பாபநாசம் அணை திறக்கும் என்று எதிர்பார்த்து நாற்றுப் பாவுவது மற்றொன்று. கார் விதைப்பவர் எவ்வளவு நிலத்தில் விதைப்பது என்று யோசிப்பதைப் போலத்தான் சூல் கையில் எவ்வளவு வைப்பது என்ற யோசனையும் என்பது அவர் வாதம். எல்லா இடத்திலும் பொருந்தாது என்றாலும், மோசமான வாதமல்ல.

ரம்மி தெரிந்தவர்களுக்குச் சூல் கையை விளக்குவது எளிது. ஆட்டின் 5, 6 கையில் இருந்தால் 4 வந்தாலும் சரி, 7 வந்தாலும் சரி. 5, 7 இருந்தால் நடுவில் 6 மட்டும்தான் வர வேண்டும். முன்னது பின்னதைவிட இருமடங்கு நல்லது என்பதை ரம்மி ஆடுகிற எவரும் அறிவர். போக்கரில் ஒரே ஒரு கட்டு, 52 சீட்டுகள். ஒவ்வொருவருக்கும் தனியாக இரண்டு, எல்லோருக்கும் பொதுவாக நடுவில் முதலில் மூன்று, பிறகு ஒன்று, கடைசியாக இன்னும் ஒன்று. முதல் மூன்று திறந்தபோது நான் பார்த்தவை 5 சீட்டுகள், பார்க்காதவை 47. எண்கள் தொடர்ந்து வரும் ஐந்து சீட்டுதான் வரிசை; அதில் நான்கு அடுத்தடுத்து இருந்து இருமுனையிலும் திறந்திருந்தால் எனக்கு உதவும் சீட்டு 8. நடுவில் ஒரு பொந்து மட்டும் இருந்தால் 4. ஒரே இனத்தில் நான்கு சேர்ந்து ஃப்ளஷுக்கு ஒன்று குறைந்தால் 13-இல் 4 போக மீதி 9. அடுத்த ஒரு சீட்டிலேயே ஃப்ளஷ் சேரும் வாய்ப்பு 47-இல் 9, அதாவது 19 சதவீதம். மீதமுள்ள இரண்டு சீட்டுகளையும் பார்க்க முடிந்தால் 35 சதவீதம். இருமுனை வரிசைக்கு இவை 17, 31. பொந்து வரிசைக்கு 8.5, 16.5.

உதவும் சீட்டின் எண்ணிக்கையை 2-ஆல் பெருக்கினால் ஒரு சீட்டுக்கான சதவீதமும், 4-ஆல் பெருக்கினால் இரண்டு சீட்டுக்கான சதவீதமும் ஏறத்தாழக் கிடைக்கும் என்ற மனக்கணக்கு உலகெங்கும் வழங்குகிறது. ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியையான மதினிக்கு இந்தக் குறுக்குவழியின் மேல் அவ்வளவு மரியாதை இல்லை. 15 சீட்டு உதவும்போது 4-ஆல் பெருக்கினால் 60 வருகிறது, உண்மையான விடையோ 54 என்று சுட்டிக்காட்டினார். ஆயினும் குறுக்குவழியின் பெரிய ஆபத்து அந்த ஆறு சதவீதத்தில் இல்லை. எந்த எண்ணால் பெருக்குவது என்பதில்தான் என்னைப் போன்றவர்கள் தவறுகிறோம். அதற்கு முதலில் ஈடுகொடுப்பதற்கான கணக்கைப் பார்க்க வேண்டும்.

பொலியில் 30 இருக்க, எதிராளி 20 வைக்கிறார். நானும் 20 வைத்தால் பொலி 70 ஆகும். 70-ஐ வெல்ல நான் கொடுப்பது 20, அதாவது 28.6 சதவீதம். என் வெற்றி வாய்ப்பு அதற்கு மேல் இருந்தால் ஈடுகொடுப்பது லாபம். பொலியில் பாதியை அவர் வைத்தால் எனக்கு 25 சதவீதமும், பொலி அளவுக்கே வைத்தால் 33.3 சதவீதமும் தேவைப்படும். ஃப்ளஷ் எதிர்பார்க்கும் கைக்கு 35 சதவீதம் இருக்கிறதே, 28.6-ஐவிட அது அதிகமாயிற்றே என்று பல மாதங்கள் கண்ணை மூடிக்கொண்டு ஈடுகொடுத்து வந்தேன். அந்த 35 என்பது இரண்டு சீட்டுக்கான கணக்கு. நான் கொடுத்த 20 எனக்கு வாங்கித் தந்தது ஒரு சீட்டை மட்டுமே. அடுத்த சீட்டு உதவாவிட்டால் எதிராளி மறுபடியும் வைப்பார், அதற்கும் நான் கொடுக்க வேண்டியிருக்கும். எனவே ஒப்பிட வேண்டியது 28.6-ஐயும் 19-ஐயும்தான். அப்படிப் பார்த்தால் வெறும் பொலிக் கணக்கில் அந்த ஈடு நட்டம். இருவரில் ஒருவர் முன்னால் மேற்கொண்டு வைக்க முத்தே இல்லாத நிலையில் மட்டும்தான் 35 என்ற எண்ணை முழுமையாக எடுத்துக்கொள்ளலாம்.

அப்படியானால் ஈடுகொடுப்பவர்கள் எல்லோரும் முட்டாள்களா என்றால், இல்லை. ஃப்ளஷ் சேர்ந்த பிறகு எதிராளியிடமிருந்து இன்னும் வாங்கக்கூடியதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். 47 தடவை இதே நிலை வந்தால் 38 தடவை 20 வீதம் 760 முத்தை இழப்பேன். அதை 9 தடவையில் மீட்க வேண்டுமானால் ஒவ்வொரு வெற்றியும் 84 முத்துக்கு மேல் தர வேண்டும். பொலியில் ஏற்கெனவே 50 கிடக்கிறது. ஆகவே ஃப்ளஷ் சேரும் ஒவ்வொரு முறையும் சராசரியாக இன்னும் 34, 35 முத்து எதிராளியிடமிருந்து பிற்பாடு வந்தாக வேண்டும். இந்த 34, 35-ஐ நோட்டில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன், ஏனெனில் மதினியிடம் தோற்ற கையையும் பின்னர் அண்ணாச்சியிடம் ஆடிய கையையும் இது ஒன்றுதான் பிரித்துக் காட்டியது.

இனி ஏற்றுவதன் கணக்கு. ஈடுகொடுப்பவர் வெல்ல ஒரே வழி, தேவையான சீட்டு வருவது. ஏற்றுபவருக்கு இரண்டு வழிகள்: எதிராளி கவிழ்த்துவிடலாம், கவிழ்க்காவிட்டாலும் சீட்டு வரலாம். மேலே சொன்ன நிலையில் நான் 60 ஆக ஏற்றினால், 50-ஐ வெல்ல 60-ஐப் பணயம் வைக்கிறேன். கையில் ஒன்றுமே இல்லாத வெறும் மிரட்டலாக இருந்தால், நூற்றுக்கு 54, 55 தடவை எதிராளி கவிழ்த்தால்தான் நட்டமில்லாமல் போகும். சூல் கை என்பதால் இந்தத் தேவை வியக்கத்தக்க அளவு குறைகிறது. அவர் ஈடுகொடுத்து, அதற்குமேல் பந்தயம் எதுவுமின்றி இரண்டு சீட்டுகளும் விழுமானால், பொலி 150. அதில் என் பங்கு 35 சதவீதம், 52.5 முத்து, நான் வைத்தது 60, ஆகச் சராசரி நட்டம் 7.5 மட்டுமே. அவர் கவிழ்த்தாலோ 50 லாபம். ஆக நூற்றுக்கு 13 தடவை அவர் கவிழ்த்தாலே கணக்கு சரியாகிவிடும். 30 தடவை கவிழ்த்தால் ஒவ்வொரு கைக்கும் சராசரியாகப் பத்து முத்துக்குச் சற்றுக் குறைவாக லாபம்.

இந்த 13 சதவீதத்தைக் கண்டுபிடித்த மகிழ்ச்சியில்தான் அன்று மதினிக்கு எதிராக ஏற்றினேன். 'அதற்குமேல் பந்தயம் எதுவுமின்றி' என்ற நிபந்தனையைத்தான் மறந்துபோனேன். முதல் மூன்று சீட்டு திறந்தபோது இருவர் முன்னாலும் 300 இருந்தது. நான் ஏற்றியதன் மூலம் அவருக்கு மறுபடியும் ஏற்றும் வாய்ப்பை நானே எடுத்துக்கொடுத்தேன். அவர் அனைத்தையும் வைத்தபின், 630 ஆகப்போகும் பொலிக்காக நான் 240 கொடுக்க வேண்டும். தேவை 38 சதவீதம். என்னிடம் இருந்ததோ மிஞ்சிப்போனால் 35; அவரிடம் மூன்று 7 இருப்பதாக நினைத்தால் நான்கில் ஒரு பங்குதான். கவிழ்த்தேன். மதினி சிரித்துக்கொண்டே ஆட்டின் 7, கிளாவர் 7 இரண்டையும் காட்டினார். கட்டில் அடுத்த சீட்டு என்ன என்று பார்க்க வேண்டாம் என்று சொல்லியும் கேட்காமல் அவர் பையன் புரட்டினான், இஸ்பேட் 4. அது வந்திருக்கும் என்பதால் நான் கவிழ்த்தது தவறாகிவிடாது. ஆனால் 20 முத்து கொடுத்து அமைதியாக அந்தச் சீட்டைப் பார்த்திருந்தால், 34, 35 முத்தைப் பின்னால் வாங்குவது மூன்று 7 வைத்திருந்தவரிடம் ஒரு பொருட்டே அல்ல. 280-இல் பெரும்பகுதி என் பக்கம் வந்திருக்கும். எதிரில் குவியல் பெரிதாக இருக்கும்போது ஈடுகொடுப்பதற்கு வலிமை வருகிறது. ஏற்றுவதோ சொந்தச் சீட்டைப் பார்க்கும் உரிமையையே விற்றுவிடுவதில் போய் முடியக்கூடும்.

மூன்று வாரம் கழித்து ஏறத்தாழ அதே நிலை அண்ணாச்சியிடம் வந்தது. அதே 30 முத்துப் பொலி, அதே 20 முத்துப் பந்தயம், எனக்கு அதே ஒன்பது சீட்டு எதிர்பார்ப்பு. ஆனால் 20-ஐ வைத்தபின் அண்ணாச்சி முன்னால் மிச்சம் இருந்தது 40 மட்டும். ஈடுகொடுத்தால், ஃப்ளஷ் சேரும் ஒவ்வொரு முறையும் அந்த 40-இல் 34, 35-ஐ அவர் எனக்குக் கொடுத்தாக வேண்டும். மூன்று ஒரே இனச் சீட்டு நடுவில் கிடப்பதைப் பார்த்தபிறகும் அவர் தவறாமல் அப்படிக் கொடுப்பார் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. ஏற்றினாலோ, அவரால் திரும்பி ஏற்ற முடியாது, ஏனென்றால் அந்த 40-தான் கடைசி. 13 சதவீதக் கணக்கு அங்கே அப்படியே செல்லுபடியாகும். என் சீட்டு எந்த வகையிலும் மேம்படவில்லை. எதிரில் இருந்த குவியல் சுருங்கியது, அவ்வளவுதான், விடை தலைகீழாகிவிட்டது. 60 ஆக ஏற்றினேன். அண்ணாச்சி ராஜா ஜோடியை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னவே, முடிஞ்சுபோன கை மாதிரி ஏத்துதீரு?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை. கவிழ்த்தார்.

அவர் கவிழ்த்ததற்கு ஒரு காரணம் உண்டு. தொடக்கத்தில் எங்கள் மேசையில் யாருமே கவிழ்த்ததில்லை. புளியமுத்துக்கு யார் பயப்படுவார்கள்? ஏற்றினால் சிரித்துக்கொண்டே ஈடுகொடுப்பார்கள். அப்படிப்பட்ட இடத்தில் 13 சதவீதமும் கிடைக்காது. ஏற்றுவதன் இரண்டு வழிகளில் ஒன்று அடைபட்டுப்போய், 35 சதவீதக் கையோடு சமமாகப் பந்தயம் கட்டுகிற நட்டக் கணக்கு மட்டும் மிஞ்சும். ரம்மியில் முதலிலேயே டிராப் செய்தால், அதாவது விலகிக்கொண்டால், 20 புள்ளி, நடுவில் என்றால் 40, முழுக் கையோடு மாட்டினால் 80 என்று தோல்விக்கு விலை இருப்பதால்தான் டிராப் செய்வது ஒரு கலையாகிறது. மதினிதான் வழி சொன்னார்: இரவில் யாரிடம் முத்து மிகக் குறைவாக இருக்கிறதோ அவர் எல்லோர் காப்பித் தம்ளரையும் கழுவ வேண்டும். தம்ளர் கழுவுவதற்கு இத்தனை பேர் இவ்வளவு அஞ்சுவார்கள் என்று நான் நினைத்ததில்லை. அடுத்த வாரமே மேசையில் கவிழ்ப்புகள் தொடங்கின. சூல் கையை ஏற்றுவதற்கும் அதன்பிறகுதான் பொருள் வந்தது. ஆகவே பணமில்லாமல் கைபேசிச் செயலிகளில் ஆடிப் பழகுபவர்கள், அங்கே ஏற்றிப் பார்த்துக் கிடைக்கும் அனுபவத்தை நம்ப வேண்டாம். அங்கே கவிழ்ப்பவர்கள் குறைவு.

ஆட்கள் கூடினாலும் இதே விளைவுதான். ஒருவர் பாதித் தடவை கவிழ்ப்பார் என்று வைத்துக்கொண்டால், மூவர் எதிரில் இருக்கையில் மூவரும் ஒருசேரக் கவிழ்ப்பது எட்டில் ஒரு தடவை. அப்போது ஏற்றுவதைவிட மலிவாக ஈடுகொடுப்பதே மேல். பொலியும் பெரிதாகும், சீட்டு வந்தால் கொடுப்பதற்கும் ஆள் இருப்பார்கள்.

ஆனால் இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது, ஏனென்றால் உதவும் சீட்டு எல்லாமே ஒரே தரத்தவை அல்ல. இஸ்பேட் ஆஸ் என் கையில் இருந்து ஃப்ளஷ் சேர்ந்தால் அதைவிடப் பெரிய ஃப்ளஷ் கிடையாது. நான்கு பேர் ஈடுகொடுத்தாலும் கவலையில்லை, சொல்லப்போனால் சிறிய இஸ்பேட் வைத்திருப்பவர் யாராவது கூடவே வருவது எனக்கு வரம். இஸ்பேட் 9, 8 வைத்திருக்கும்போது அப்படியல்ல. நான்கு பேர் இருக்கும் பொலியில் எவரிடமாவது ராணியோ ஜாக்கியோ தலைமையில் இரண்டு இஸ்பேட் இருந்தால், நான் ஆசைப்பட்ட சீட்டே என்னை வீழ்த்தும் சீட்டாகிவிடும். அதுவும் சிறிய இழப்போடு விடாது. வரிசையிலும் இதே சங்கடம் உண்டு: கையில் 6, 5 இருக்க, நடுவில் 8, 7 கிடக்க, 9 வந்தால் மகிழ்ச்சியடைவதற்கு முன்னால் ஜாக்கி, 10 யாரிடம் இருக்கிறது என்று யோசிக்க வேண்டும். நடுவில் ஒரே எண் இரண்டு கிடந்தாலோ, ஃப்ளஷ் சேர்ந்தும் ஃபுல் ஹவுஸிடம், அதாவது ஒரே எண் மூன்றும் இன்னொரு எண் இரண்டும் சேர்ந்த கையிடம், தோற்கிற கூடுதல் தொல்லை. இவற்றால் நான் வந்தடைந்த வழக்கம் பலருக்கு விசித்திரமாகப் படும்: ஆஸ் தலைமையிலான ஃப்ளஷ் எதிர்பார்ப்பைப் பலர் இருக்கும்போது பெரும்பாலும் ஈடுகொடுத்துக் கூட்டத்தை விரட்டாமல் வைத்துக்கொள்கிறேன், சின்ன இஸ்பேட்டுகளை வைத்திருக்கும்போது, ஒருவரோ இருவரோதான் எதிரில் என்றால், ஏற்றி அந்த ராணிகளையும் ஜாக்கிகளையும் வெளியேற்றப் பார்க்கிறேன். நல்ல எதிர்பார்ப்பை ஏற்றுவதும் சிறிய எதிர்பார்ப்பை ஈடுகொடுப்பதும்தான் இயல்பான ஆசை. அந்த ஆசையைக் கொஞ்சம் சந்தேகப்படுகிறேன்.

பொந்து வரிசை, அந்த நான்கு சீட்டுக் கை, தனி வகை. 8.5 சதவீதத்தை வைத்துக்கொண்டு பொலியில் பாதிக்கு ஈடுகொடுக்கவே முடியாது. ஆகையால் அதற்கு இருப்பவை இரண்டே வழிகள், கவிழ்ப்பது அல்லது எப்போதாவது ஏற்றுவது. எதிராளி திரும்பி ஏற்றினால் கவிழ்த்துவிடலாம். இழந்தது ஒரு பொந்து, அதில் பெரிய துயரம் இல்லை. நல்ல ஃப்ளஷ் எதிர்பார்ப்பைக் கவிழ்க்க நேர்வதுதான் வயிற்றெரிச்சல். ஆக மிகப் பலவீனமான சூல் கையும் மிக வலுவான சூல் கையும் ஏற்றத்துக்கு உரியவையாகவும், இடைப்பட்டவை பெரும்பாலும் ஈடுகொடுப்பதற்கு உரியவையாகவும் ஆகிவிடுகின்றன. பையன் இதை முதலில் சொன்னபோது நானும் அண்ணாச்சியும் நம்பவில்லை. மதினி மட்டும், "தம்பி, இதுல என்ன ஆச்சரியம்? இழக்கப் பயமில்லாதவனும் இழக்க ஒண்ணுமில்லாதவனும்தானே சண்டைக்கு முதல்ல போவான்" என்றார்.

உட்காரும் இடமும் முக்கியம். கடைசியாகப் பேசும் இடத்தில், அதாவது பந்தயம் வைக்கும் முறை கடைசியாக வரும் இடத்தில், இருந்துகொண்டு முதல் மூன்று சீட்டின்போது ஏற்றினால், அடுத்த சீட்டு விழுந்ததும் எதிராளி தயங்கிச் சும்மா இருந்துவிடுவது பல தடவை நடக்கும். நானும் சும்மா இருந்துவிட்டால் கடைசிச் சீட்டை இலவசமாகப் பார்க்கலாம். முதலில் பேசும் இடத்தில் இந்த வசதி இல்லை. சீட்டு வந்தாலும் எப்படி வாங்குவது என்பது பெரும்பாடு, வராவிட்டால் எவ்வளவு கொடுக்க வேண்டியிருக்கும் என்பதும் தெரியாது. முதலில் பேசும் இடத்திலிருந்து ஈடுகொடுத்த சூல் கைகளை நோட்டில் தனியாகக் கூட்டிப் பார்த்தேன். அந்தப் பக்கத்தைப் பற்றி இங்கே விரிவாக எழுத எனக்கு விருப்பமில்லை.

வலுவான சூல் கைக்கு வருகிறேன். போன ஞாயிறு என் கையில் ஆட்டின் 10, ஆட்டின் 9. நடுவில் ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் 8, கிளாவர் 3. எந்த ஆட்டின் வந்தாலும் ஃப்ளஷ்; எந்த ராணியோ 7-ஓ வந்தாலும் வரிசை; இரண்டிலும் வரும் இரு சீட்டுகளை ஒருமுறை மட்டும் எண்ணினால் உதவுபவை 15. இரண்டு சீட்டுகளும் விழ 54 சதவீதம், அதாவது ஒற்றை ஜோடி வைத்திருப்பவரைவிட, கையில் எதுவுமே சேராத நானே முன்னணியில். இப்படிப்பட்ட கைக்குத் திருப்பி ஏற்றப்படும் பயம் கிடையாது. ஆனால் அடுத்த சீட்டு உதவாமல் போனால் 46-இல் 15 ஆகச் சுருங்கி, 33 சதவீதத்துக்கு இறங்கிவிடும். எனவே வைக்க வேண்டியதை இரண்டு சீட்டும் மிச்சம் இருக்கும்போதே வைத்துவிட வேண்டும். ஒரு சீட்டுக்கு ஈடுகொடுத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவது 54-ஐ 33-க்கு விற்பதாகும்.

அண்ணாச்சி பொலியில் பாதிக்கு மேல் வைத்தார். நான் என் முன்னால் இருந்த அனைத்தையும் வைத்தேன். இந்த முறை அவர் யோசிக்கவே இல்லை. ஈடுகொடுத்துச் சீட்டைத் திறந்தார். இஸ்பேட் ஜாக்கி, டைமண்ட் ஜாக்கி. நடுவில் உள்ளதோடு மூன்று ஜாக்கி. அப்படிப்பட்ட கைக்கு எதிராக என் 54 சதவீதம் 40-ஐ ஒட்டி இறங்கிவிடும். பொலியில் ஏற்கெனவே கிடந்ததைச் சேர்த்துப் பார்த்தால் அதுவும் பெரிய அநியாயமில்லை. அடுத்த சீட்டு இஸ்பேட் ராணி. வரிசை சேர்ந்துவிட்டது. இனி அவருக்கு உதவக்கூடியவை மீதமிருந்த 44 சீட்டில் 10. கடைசிச் சீட்டு டைமண்ட் 3. மூன்று ஜாக்கி, இரண்டு 3, ஃபுல் ஹவுஸ்.

"பொலியை அள்ளிக்கிடட்டுமா வே?" என்றார் அண்ணாச்சி.

நோட்டில் அந்தக் கைக்கு நேராக 'ஏற்றியது சரி' என்று எழுதிவிட்டு, ஐந்து தம்ளர்களையும் எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன்.